சார்ஜ் போடத் தேவையில்லாத விளக்கு: சைக்கிளுக்கு டைனமோ மாட்டும் முறை

பேட்டரி விளக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும்போது டைனமோ எதற்கு என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மாதத்துக்கு ஒரு தடவை இருட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கு டைனமோ வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பியில் சார்ஜ் ஏறும் ஒரு விளக்கை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போகலாம். இந்தக் கட்டுரை தினமும் இருட்டோடு வேலை இருப்பவர்களுக்கு. கோழி கூப்பிடும் நேரத்துக்குப் பால் கேனோடு சொசைட்டிக்குக் கிளம்புகிறவர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடித்து ராத்திரி வீடு திரும்புகிறவர், மில்லில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர், வாய்க்கால் தண்ணீர் முறை வந்துவிட்டால் நேரம் காலம் பார்க்காமல் மடை திருப்பப் போகிறவர். இவர்களுக்கு விளக்கு என்பது நேற்று சார்ஜ் போட்டோமா இல்லையா என்று யோசிக்க வைக்கும் சாமானாக இருக்கக் கூடாது. சக்கரம் சுற்றினால் எரிய வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. டைனமோ போட்டால் மிதிக்கவே முடியாது, வெளிச்சமும் மின்மினிப் பூச்சி மாதிரிதான் இருக்கும் என்பார்கள். பாதி உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து வண்டிகளில் டைனமோ கனமாக இழுத்ததற்கும் மங்கலாக எரிந்ததற்கும் பெரும்பாலும் காரணம் டைனமோ இல்லை. அதைக் கோணலாக மாட்டியதும், மின்சாரம் திரும்பி வரும் எர்த் இணைப்பு துருப்பிடித்ததும், இழை பல்பும்தான் காரணம். இந்த மூன்றையும் சரியாகச் செய்தால் நாற்பது வருடப் பழைய டைனமோகூட, இரண்டு பக்கமும் வேலி போட்ட நம் இட்டேரித் தடத்துக்குப் போதுமான வெளிச்சம் கொடுக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

பாட்டில் வடிவத்தில் இருக்கும் சாதாரண டைனமோவுக்குள் நடுவில் ஒரு நிலைக்காந்தம், அதைச் சுற்றி அசையாத ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள். தலையில் இருக்கும் சின்ன உருளை டயரில் உரசிச் சுற்ற, காந்தம் சுற்ற, காயிலில் மின்சாரம் பிறக்கிறது. மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைகள் நிறைந்த கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வருவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். அளவு 6 வோல்ட், 3 வாட், அதாவது சுமார் அரை ஆம்பியர். இதில் 2.4 வாட் முன்விளக்குக்கு, 0.6 வாட் பின்விளக்குக்கு. இந்தப் பங்கீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தச் சின்ன டப்பா எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைப் பலரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயர் நொடிக்கு 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடுகிறது. உருளையின் விட்டம் 22 மில்லிமீட்டர் என்று வையுங்கள், நொடிக்கு 60 சுற்று, நிமிடத்துக்கு 3600 சுற்று. தோட்டத்துக் கிணற்றில் ஓடும் மோனோபிளாக் பம்பே 2880-ஐ ஒட்டித்தான் சுற்றுகிறது. எண்ணெய் காணாத டைனமோவில் தண்டைத் தாங்கும் புஷ் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இன்னொரு நல்ல குணமும் இதற்கு உண்டு. வேகம் கூடினால் வோல்ட் கூடத்தான் பார்க்கும், ஆனால் ஏசியின் அதிர்வெண்ணும் கூடவே ஏறுவதால் காயில் தன் மின்னோட்டத்தைத் தானே தடுக்கும். அதனால் இறக்கத்தில் பறந்தாலும் மின்னோட்டம் அரை ஆம்பியரை ஒட்டியே நிற்கும். எல்இடி போடும்போது இந்தக் குணம்தான் நமக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தப்போகிறது.

சரி, எவ்வளவு இழுக்கும்? பாட்டில் டைனமோவின் திறன் சுமாராகத்தான் இருக்கும். மூன்று வாட் எடுக்க உங்கள் காலிலிருந்து ஏறக்குறைய பத்து வாட் போகும் என்று வையுங்கள். சமதரையில் அது தெரியும், ஆனால் மூச்சு வாங்க வைக்காது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு எதிராக உடுமலையிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் மிதித்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே அதே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் காற்றில்லாத நாளைப்போல நாலு மடங்கு சக்தி வேண்டும். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டைனமோ கேட்பது சில்லறை.

முதல் வேலை: டைனமோ வாங்குவதற்கு முன் சக்கரம்

இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, அதனால்தான் முதலில் சொல்கிறேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, எந்தச் சக்கரத்தில் டைனமோ மாட்டப்போகிறீர்களோ அதைச் சுற்றிவிடுங்கள். முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கிலோ பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்டேயிலோ கையை ஊன்றி, ஒரு சாக்பீஸை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடியுங்கள். ரிம் ஒரு பக்கம் சாக்பீஸைத் தொட்டு மறுபக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விலகினால், கடையில் கொடுத்து பெண்டு எடுத்துவிட்டு வாருங்கள். பெண்டு இருக்கிற சக்கரத்தில் உருளை ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டயரை விட்டு விலகும், விளக்கு மினுக்கி மினுக்கி எரியும், நீங்கள் டைனமோவைத் திட்டுவீர்கள்.

அப்படியே ஹப்பில் ஆட்டம் இருக்கிறதா, டயரின் பக்கவாட்டில் வெடிப்போ நூல் வெளியே தெரிவதோ உண்டா என்று பாருங்கள். நூல் தெரிகிற டயரை உருளை சில வாரத்தில் தின்றுவிடும். சில டயர்களில் பக்கவாட்டில் மெல்லிய வரிவரியாக ஒரு பட்டை ஓடும், அது டைனமோ உருளைக்காகவே விட்ட தடம். அப்படிப்பட்ட டயர் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். காற்றும் முழுசாக அடித்திருக்க வேண்டும். காற்றில்லாத டயரில் கோணம் பார்த்து மாட்டிவிட்டு அப்புறம் காற்றடித்தால் எல்லாம் மாறிப்போகும்.

வாங்கும்போது

கடையில் கேட்டால், "அதெல்லாம் இப்ப யாருங்க போடறாங்க, பேட்டரி லைட்டு தர்றேன், எடுத்துட்டுப் போங்க" என்றுதான் முதலில் சொல்வார்கள். உள்ளே பழைய ஸ்டாக் இருக்கிறதா என்று கொஞ்சம் தேடச் சொல்லிக் கேளுங்கள். பெரிய ஊர்களில் சைக்கிள் ஸ்பேர் மொத்த வியாபாரக் கடைகளில் கிடைக்க வாய்ப்பு அதிகம். பழைய சாமானே போதும் என்றால் கோயமுத்தூர் உக்கடம் பக்கத்துப் பழைய பொருள் கடைகளில் தேடலாம். பழையது என்று ஒதுக்க வேண்டாம், காந்தமும் காயிலும் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் சுத்தம் செய்கிற வேலைதான்.

கையில் எடுத்ததும் உருளையை விரலால் சுற்றிப் பாருங்கள். விட்டு விட்டுத் தடுக்குகிற மாதிரி இருந்தால் காந்தம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கரகரவென்று மணல் அரைக்கும் சத்தம் வந்தாலோ, உருளையைப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொட என்று ஆடினாலோ வேண்டாம், புஷ் போய்விட்டது. ஒரு 6 வோல்ட் பல்பைக் கொண்டுபோங்கள். பல்பின் அடிமுனையை டைனமோவின் முனையிலும், பல்பின் உடம்பை டைனமோவின் உடம்பிலும் தொடும்படி ஒயர் வைத்து, உருளையைத் தொடையில் வைத்து வேகமாக ஒரே இழுப்பு இழுத்தால் பல்பு கண் சிமிட்ட வேண்டும். மல்ட்டிமீட்டர் இருந்தால் முனைக்கும் உடம்புக்கும் நடுவே ஓம் பாருங்கள், சில ஓம் காட்டினால் காயில் அறுபடவில்லை. ஒன்றுமே காட்டவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பழைய டைனமோவைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வரும். வெளியே துடையுங்கள், எண்ணெய் விடுங்கள், ஆனால் காந்தத்தை உருவி வெளியே எடுக்காதீர்கள். அல்நிகோ என்ற உலோகக் கலவையில் செய்த பழைய காந்தங்கள் சுற்றியிருக்கும் இரும்பை விட்டு வெளியே வந்தால் பலம் குறைந்துபோகும். சுத்தியலால் தட்டுவதும் அதே கதைதான்.

இடது பக்கத்துக்கு, வலது பக்கத்துக்கு என்று டைனமோ தனித்தனியாக வரும். பொதுவாகக் கிடைப்பது இடது. விசையைத் தட்டினால் உருளை டயரை நோக்கிச் சாய வேண்டும், வெளிப்பக்கம் அல்ல, அதைக் கடையிலேயே வண்டியில் வைத்துப் பார்த்துவிடுங்கள். உருளைக்கு மாட்டும் ரப்பர் தொப்பி கிடைத்தால் ஒன்று வாங்கி வையுங்கள், மழைக்காலத்தில் அதன் அருமை தெரியும்.

முன்சக்கரமா, பின்சக்கரமா

புதியவர்களுக்கு நான் சொல்வது பின்சக்கரம், இடது ஸ்டே. காரணம் ஒன்றுதான்: டைனமோவை வண்டியோடு பிடித்திருக்கும் பிராக்கெட் தளர்ந்து டைனமோ போக்ஸ் கம்பிக்குள் விழுந்தால், பின்சக்கரம் இறுகி வண்டி நிற்கும். முன்சக்கரத்தில் அதே நடந்தால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார். ஒயர் கொஞ்சம் நீளமாக ஓட வேண்டும், அது ஒரு பெரிய செலவில்லை.

ஆனால் கேரியரின் இருபக்கமும் பால் கேன் தொங்குகிற வண்டிக்கும், தீவன மூட்டை ஏறி இறங்குகிற வண்டிக்கும் பின்பக்கம் சரிப்படாது. கேன் இடித்து இடித்து டைனமோ ஒரு வாரம் தாங்காது. அவர்கள் முன்போர்க்கில்தான் மாட்ட வேண்டும். அப்படி மாட்டினால் ஸ்பிரிங் வாசர் கட்டாயம், முடிந்தால் நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு, முதல் வாரம் முழுக்க தினமும் பானா போட்டு ஒரு தடவை இறுக்கிப் பார்ப்பது. இதில் சோம்பல் கூடாது.

கோணம்: இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும்

டைனமோ மாட்டுவதில் உள்ள வேலை எல்லாம் இங்கேதான். மற்றதெல்லாம் யாரும் செய்துவிடலாம், இதைப் பொறுமையாகச் செய்தவர் வண்டியில் டைனமோ மெல்லிசாக முனகும், செய்யாதவர் வண்டியில் கத்தும்.

பிராக்கெட்டை அரைகுறையாக இறுக்கி, கையால் தள்ளினால் நகரும்படி வைத்துக்கொள்ளுங்கள். உருளை டயரின் பக்கவாட்டில் படவேண்டும். தரையில் படும் கட்டைகளுக்குக் கீழே, ரிம்முக்கு மேலே, வழுவழுவென்று இருக்கும் பகுதியில். இப்போது வண்டிக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். டைனமோவின் உடம்புக்கு நடுவாக ஒரு கோடு இழுத்தால் அது நேராகச் சக்கரத்தின் அச்சில் போய்ச் சேர வேண்டும். கண்ணால் பார்த்து முடிவுசெய்யாதீர்கள், கண் ஏமாற்றும். ஒரு நூலை எடுத்து ஒரு முனையை அச்சு நட்டில் கட்டி, மறுமுனையை உருளையின் தலை நடுவில் விரலால் அழுத்திப் பிடித்து, விறைப்பாக இழுங்கள். நூல் டைனமோவை நெடுக்காகச் சரிபாதியாகப் பிரிக்கிற மாதிரி ஓடினால் கோணம் சரி. ஒரு பக்கம் ஒதுங்கினால் பிராக்கெட்டைத் திருப்பி மறுபடி பாருங்கள்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், சக்கரத்தின் எந்த இடத்தை எடுத்தாலும் டயர் அங்கே அச்சிலிருந்து வரும் கோட்டுக்குக் குறுக்காகத்தான் ஓடுகிறது. உருளையின் அச்சு அந்தக் கோட்டிலேயே இருந்தால் உருளை சுத்தமாக உருளும். சாய்ந்திருந்தால் பாதி உருளும், பாதி டயரைக் குறுக்கே தேய்க்கும். அந்தத் தேய்ப்புதான் காலில் தெரியும் கனம், அதுதான் கீச்சுச் சத்தம், டயரின் ஓரத்தில் ரப்பர் தூளாக உதிர்வதும் அதனால்தான்.

அடுத்து வண்டிக்கு நேர் பின்னால், முன்சக்கரம் என்றால் நேர் முன்னால் நின்று பாருங்கள். உருளையின் முகம் முழுக்க டயரில் படிந்திருக்க வேண்டும், ஒரு விளிம்பு மட்டும் கடிக்கக் கூடாது. படியவில்லை என்றால் பிராக்கெட்டைக் கொஞ்சம் மேலே கீழே நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகும், சில பிராக்கெட்டுகளை லேசாக வளைக்க வேண்டிவரும், வளைப்பதை டைனமோவைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அணைத்த நிலையில் உருளைக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். இறுக்கும்போது கோணம் கொஞ்சம் திரும்பத்தான் செய்யும், அதனால் முழுசாக இறுக்கிய பிறகு நூலை ஒரு தடவை மறுபடி பிடித்துப் பார்ப்பது நல்லது.

ஒயர் ஓட்டுவது

பழைய முறையில் ஒரே ஒயர்தான். போவது ஒயரில், திரும்பி வருவது சைக்கிள் ஃபிரேமில். பிராக்கெட்டில் கூர்மையான ஒரு ஸ்க்ரூ இருக்கும், அது பெயின்ட்டைக் குத்திக்கொண்டு இரும்பைத் தொட்டு எர்த் கொடுக்கும். புதிதாக இருக்கும்வரை நன்றாக வேலை செய்யும். ஐப்பசி மழை ஒன்று பெய்து, அதன்மேல் செம்மண் புழுதி ஏறி, துரு பிடித்ததும் எர்த் போய்விடும், விளக்கு மங்கும். ஆகவே இரண்டு ஒயர் ஓட்டுங்கள். மெல்லிய ட்வின் ஒயர், ஸ்பீக்கருக்குப் போடுவது போதும். ஒன்று டைனமோவின் முனையில், இன்னொன்று பிராக்கெட் போல்ட்டுக்கு அடியில் ஒரு வளைய முனை வைத்து. அந்த இடத்தை உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் துரு அண்டாது.

கம்பி பிரேக் போட்ட பழைய வண்டி என்றால், பிரேக் கம்பி மேலும் கீழும் ஏறி இறங்கும் இடத்தில் ஒயரைக் கட்டாதீர்கள். ஹேண்டில்பார் கழுத்தில் ஒயருக்குத் தாராளமாக ஒரு வளையம் விடுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்து, ஒயர் இழுபடவில்லை என்றால்தான் டேப் சுற்ற வேண்டும். இணைப்புகளை வெறும் முறுக்கோடு விடாமல் ஈயம் பற்றவைத்து ஸ்லீவ் போட்டுவிட்டால் பின்னால் தேடி அலைய வேண்டாம்.

பல்பா, எல்இடியா

கையில் இருக்கும் பழைய பல்போடு முதலில் ஓட்டிப் பாருங்கள், டைனமோ வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அதுதான் சுலபம். முன்னால் 6 வோல்ட் 2.4 வாட், பின்னால் 6 வோல்ட் 0.6 வாட். இந்த அளவை மாற்றிப் போடாதீர்கள். அரை ஆம்பியரை இருவரும் பிரித்துக்கொள்கிறார்கள். பின்பல்பு போய்விட்டால் அதன் பங்கும் முன்பல்புக்கே போய், வேகமாக மிதித்தால் அதுவும் போய்விடும். ஒரே ராத்திரியில் இரண்டு பல்பும் அடுத்தடுத்துப் போனதாகச் சொல்பவர்களின் கதை இதுதான்.

ஆனால் அதோடு நிற்க வேண்டாம். இந்தச் சின்ன இழை பல்பு ஒரு வாட்டுக்குச் சுமார் பத்து லூமன் (வெளிச்சத்தின் அளவு) கொடுக்கும், நல்ல எல்இடி நூறை ஒட்டிக் கொடுக்கும். அதே டைனமோ, அதே மிதி, பத்து மடங்கு வெளிச்சம். டைனமோவுக்கு என்றே செய்த எல்இடி முன்விளக்கு கிடைத்தால் வாங்கி இரண்டு ஒயரையும் கொடுத்துவிடுங்கள், வேலை முடிந்தது. ஜெர்மனி, ஹாலந்துக் கம்பெனிகளின் விளக்குகள் பேர்போனவை, வரவழைக்கும் செலவுதான் கொஞ்சம் கடிக்கும். பேட்டரிக்கோ பைக்குக்கோ செய்த 12 வோல்ட் டிசி விளக்கை நேராக இதில் கொடுக்காதீர்கள்.

பற்றவைக்கத் தெரிந்தவர்கள் தாங்களே செய்யலாம். 1என்5819 ஷாட்கி டையோடு நான்கு, அலுமினியத் தட்டில் ஒட்டி வரும் 3 வாட் வெள்ளை எல்இடி இரண்டு, அதற்கு லென்ஸ், பின்பக்கத்துக்குச் சிவப்பு 5 மில்லிமீட்டர் எல்இடி ஒன்று, 56 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 12 வோல்ட் 5 வாட் ஜீனர் ஒன்று. ஏசியை டிசியாக்க நான்கு டையோடையும் பிரிட்ஜாகக் கட்டுங்கள். கோடு போட்ட முனைகள் இரண்டு சேரும் இடம் பிளஸ், கோடில்லாத முனைகள் இரண்டு சேரும் இடம் மைனஸ், மீதி இரண்டு சந்திப்புகளில் டைனமோ ஒயர்கள். பிளஸ்ஸிலிருந்து இரண்டு வெள்ளை எல்இடியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக மைனஸுக்குப் போகட்டும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தத் தனியாக டிரைவர் எதுவும் வேண்டாம், டைனமோ அரை ஆம்பியருக்கு மேல் கொடுக்காது, 3 வாட் எல்இடி 700 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். 1 வாட் எல்இடியைப் போட்டுவிடாதீர்கள், அது 350 மில்லி ஆம்பியருக்குச் செய்தது.

பின்விளக்குக்கு, மைனஸ் பக்கத்து வெள்ளை எல்இடிக்குக் குறுக்கே சிவப்பு எல்இடியையும் 56 ஓமையும் தொடராகப் போடுங்கள். வெள்ளையின் மேல் 3.2 வோல்ட் நிற்கும், சிவப்பு 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 1.2 வோல்ட் ரெசிஸ்டரில் விழ, 20 மில்லி ஆம்பியர் ஓடும். 5 மில்லிமீட்டர் எல்இடிக்கு அதுதான் அளவு. பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே ஜீனர், கோடு போட்ட முனை பிளஸ்ஸில். இது எல்இடி ஒயர் எங்காவது அறுந்துவிட்டால் வோல்ட் கண்டபடி ஏறி டையோடுகளைக் கொல்லாமல் இருக்க. ஒயர் அறுந்த நிலையிலேயே மைல்கணக்கில் மிதித்தால் ஜீனரும் சுட்டுப்போகும், ஆகவே விளக்கு அணைந்தால் உருளையை டயரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. எல்இடி சூடாகும், அலுமினியத் தட்டைப் பழைய உலோக முன்விளக்கின் உடம்போடு சேர்த்து இறுக்குங்கள், பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு மூடாதீர்கள். அடுத்தது, பிரிட்ஜுக்குப் பின்னால் வரும் பிளஸ்ஸோ மைனஸோ சைக்கிள் ஃபிரேமில் பட்டுவிடக் கூடாது. டைனமோவின் உடம்பு ஏற்கெனவே ஃபிரேமைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மைனஸும் தொட்டால் பாதி அலை அப்படியே ஷார்ட் ஆகி, வெளிச்சம் பாதியாகிவிடும்.

நின்றால் விளக்கு அணையும், இதுதான் டைனமோவின் பெரிய குறை. சிக்னலில் நிற்கும்போது, ரோடு கடக்கக் காத்திருக்கும்போது பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். உள்ளே சூப்பர் கெப்பாசிட்டர் வைத்து நின்ற பிறகும் சில நிமிடம் எரியும் விளக்குகள் உண்டு. அது இல்லாதவர்கள் பின்னால் பெரிய சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்றும், பேட்டரியில் மினுக்கும் சின்ன சிவப்பு விளக்கு ஒன்றும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் சைக்கிளுக்கு டைனமோ கட்டாயம் என்றிருந்த சட்டத்தை 2013-இல் தளர்த்திப் பேட்டரி விளக்கையும் அனுமதித்தார்கள். இரண்டும் சேர்ந்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விளக்கைத் திருப்பிவைப்பது

பொழுது விழுந்த பிறகு சுவருக்கு 5 மீட்டர் தள்ளி, சமதரையில் வண்டியை நேராக நிறுத்தி, ஒருவரைச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றச் சொல்லுங்கள். விளக்கு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், சுவரில் வெளிச்சத்தின் நடுப்பகுதி 45 சென்டிமீட்டரில் விழ வேண்டும். அதாவது பாதி உயரம். அப்படி வைத்தால் ரோட்டில் 10 மீட்டருக்கு முன்னால் வெளிச்சம் விழும், எதிரில் வருபவர் கண்ணும் கூசாது. எல்இடிக்கு மாறிய பிறகு இதைக் கட்டாயம் செய்யுங்கள். பழைய பல்பு எங்கே பார்த்தாலும் யாருக்கும் தொந்தரவில்லை, இது அப்படியில்லை.

ஹப் டைனமோ பற்றி இரண்டு வார்த்தை

உருளையே இல்லாமல் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே டைனமோ இருக்கும் வகையும் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி 1936-லேயே இதை விற்றது. இப்போது ஷிமானோவும் ஜெர்மனியின் சான் ஹப்பும் நல்ல பெயர் வாங்கியவை. ஹப் மெதுவாகச் சுற்றுவதால் உள்ளே 26, 28 என்று காந்த முனைகளை நிறைய வைத்திருப்பார்கள். மழையில் வழுக்காது, சத்தம் கிடையாது, நல்ல ஹப் என்றால் இழுப்பும் பாட்டில் டைனமோவில் பாதிகூட இருக்காது. ஆனால் சக்கரத்தையே பிரித்துக் கம்பி கட்ட வேண்டும். போர்க்கு 100 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், நம் பழைய கம்பி பிரேக் வண்டிகளில் அதைவிடக் குறுகலாக இருக்க வாய்ப்பு அதிகம், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். கம்பித் துளைகள் முன்சக்கரத்தில் 32 என்றால் ஹப்பும் 32 துளையாகவே வாங்க வேண்டும். நீண்ட தூரம் போகிற கியர் சைக்கிள்காரர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஊருக்குள் சுற்றும் வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை.

எரியவில்லை என்றால் எங்கே தேடுவது

இரண்டு விளக்கும் எரியவில்லை என்றால் எல்லா ஒயரையும் டைனமோவிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு பல்பை நேராக அதிலேயே தொட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். எரிந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது, ஒயரில் தேடுங்கள். முதலில் எர்த், அப்புறம் ஹேண்டில் கழுத்து.

சக்கரம் ஒரு சுற்று வரும்போது ஒரு தடவை மங்கினால் பெண்டு, அல்லது டயரில் வீக்கம். குழியில் இறங்கும்போது மட்டும் அணைந்து எரிந்தால் லூஸ் கான்டாக்ட். ஹேண்டிலைத் திருப்பினால் அணைகிறது என்றால் கழுத்தில் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது, மேலே உறை நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மழையில் உருளை வழுக்கி விளக்கு மங்கினால், வண்டியை நிறுத்தி டயரின் பக்கவாட்டையும் உருளையையும் துணியால் துடைத்துவிட்டு ரப்பர் தொப்பியை மாட்டுங்கள். ஸ்பிரிங்கை இன்னும் இறுக்குகிறேன் பேர்வழி என்று பிராக்கெட்டை டயருக்குள் அமுக்கிக் கட்டுவது டயருக்குத்தான் கேடு. சேற்று ரோட்டில் உருளையின் பற்களுக்குள் மண் அடைத்துக்கொள்ளும், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

சத்தம் இரண்டு வகை. ஒரே சீராக ஹூம் என்று முனகுவது இயல்பு, அதை ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். கீச்சென்று கத்தினால் முதலில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, உருளைக்குக் கீழே தண்டு உள்ளே போகும் இடத்தில். எண்ணெய்த் துளை இருந்தால் அதில். விட்டபின் உருளையையும் டயரையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள், எண்ணெய் பட்ட டயரில் உருளை நிற்காது. அப்படியும் கத்தினால் நூலைக் கட்டிக் கோணத்தை மறுபடி பாருங்கள். கோணமும் சரியாக இருந்து சத்தம் போகவில்லை என்றால் புஷ் தேய்ந்துவிட்டது. லேத் பட்டறையில் புது புஷ் கடைந்து தருவார்கள், ஆனால் அந்தக் கூலிக்கு வேறு டைனமோவே கிடைத்துவிடும் என்றால் அதையே வாங்கிவிடுங்கள்.